ஏழு ஏழு சி மூணு

சார், ஒரு நிமிசம். உங்க பைக்குள்ள இயர்போன் ஆன்லயே கெடக்குது பாருங்க. அதை அணைச்சு வைங்க, சார்ஜ் வீணாப் போகும். எப்புடித் தெரியும்னு முழிக்கிறீங்களா? இந்தா, லேப்டாப்புல பாருங்க. ரெண்டாவது வரி உங்க கையில இருக்குற வாட்ச்சு, மைனஸ் நாப்பத்தெட்டு. மூணாவது வரி இயர்போனு, மைனஸ் அம்பத்தொண்ணு. நம்பர் சைபர் பக்கம் வரவர பொருளு கிட்டக்க இருக்குன்னு அர்த்தம். மைனஸ் தொண்ணூறுக்குப் போச்சுன்னா எங்கயோ தள்ளி இருக்கு. அவ்வளவுதான் சார் வித்தை. இந்தப் பந்தலுக்குள்ள உக்காந்திருக்குற இருநூறு பேருல ஒருத்தனுக்கும் இது புரியாது.

உக்காருங்க. மொத டோர்னமெண்ட்டா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பையனா? எட்டு வயசா? சரி சரி. அந்தக் கதவையே பாத்துக்கிட்டு நிக்காதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தனும் தொறக்க மாட்டாய்ங்க. செஸ்ஸுங்கறது புள்ளைங்க உள்ள ஏசியில ஆட, பெத்தவய்ங்க வெளிய பந்தல்ல வேகுற வெளையாட்டு. மண்டபத்தைப் பாருங்க, நேத்து எவன் கல்யாணமோ, வாழமரத்தைக்கூட அவுக்கல. அந்த வெள்ளைச் சட்டை இருக்கான்ல, அவன் சங்கச் செயலாளரு. காலையில முக்கா மணி நேரம் பேசுனான். செஸ் மூளையை வளக்குமாம். இவனுக்கு யாரும் சின்ன வயசுல சொல்லித் தரல போல.

எம் பேரு ஞானசுந்தரம். மதுரை. டெலிபோன் இலாகாவுல இருபத்தேழு வருசம், அப்புறம் வி.ஆர்.எஸ். வாங்கிட்டு வந்துட்டேன். சிக்னலு, கேபிளு, இதெல்லாம் எனக்கு எவனும் சொல்லித் தர வேணாம். எம் பொண்ணு சுடர்விழி உள்ள ஆடுறா. பதினஞ்சாகப் போகுது. அப்ப ஏன் இங்கிட்டுத் தனியா உக்காந்திருக்கேன்னு கேப்பீங்க. வேப்பமரத்தடியில பச்சைப் பொடவை தெரியுதா? அதான் எங்க வீட்டுக்காரி கோமதி. அவ பக்கத்துல உக்காந்து டிபன் பாக்ஸைத் தொறந்து நீட்டுறானே, அவன் ராக்கப்பன். அந்த ஆளைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

அருப்புக்கோட்டையில தள்ளுவண்டி வெச்சுத் துணி தேய்க்கிறவன் சார். அவன் பையன் பாண்டீஸ்வரன், சுடர் வயசுதான். கோச்சு கெடையாது, வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாது. லைப்ரரிப் புத்தகத்தைப் பாத்துப் பழகுனானாம். கேக்குறவன் காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா? என் பொண்ணுக்கு நான் ரெண்டு கோச்சு வெச்சேன். மெட்ராஸ்ல ஒருத்தரு, ஆன்லைன்ல ஒருத்தரு. அப்படிப்பட்ட புள்ளையை அந்தப் பய வரிசையா மூணு தடவை ஜெயிச்சான்.

மொத தடவை போனாப் போகுதுன்னு விட்டேன். ரெண்டாவது தடவை எனக்குத் தூக்கம் வரல. சுடர் ஜெயிச்சா கதவைத் தொறந்ததும் ஓடி வந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவா. டிரான்னா விரலைப் பாதி மடக்கிக் காட்டுவா. அன்னிக்குக் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு வந்தா. பின்னாடியே அந்தப் பய வந்து, "சுடர், நீ குதிரையை அங்கிட்டு வெச்சிருந்தா நான் காலி"ங்குறான். இவ சிரிக்கிறா. தோத்தவளுக்கு என்ன சார் சிரிப்பு?

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்தக் காலத்துல காதுக்குள்ள கடுகு மாதிரி ஒண்ணை வெச்சுக்கிட்டு வெளிய இருந்து மூவ் சொல்லுறாய்ங்களாம், படிச்சிருக்கேன். ராக்கப்பன் எப்பப் பாத்தாலும் கழுத்துல ஒரு பட்டை இயர்போனை மாட்டிக்கிட்டுத் திரிவான். பாட்டு கேக்குறேம்பான். நம்ம லேப்டாப்புல புளூடூத்து செத்துக் கெடந்துச்சு. கடைவீதியில இந்தா இந்த அடாப்டரை வாங்குனேன், நானூத்தம்பது ரூவா. கட்டைவிரல் நகத்துத் தண்டிதான் இருக்கு. சாஃப்ட்வேரை இலவசமா எறக்கிக்கிட்டேன். ஆன் பண்ணுன ரெண்டாவது நிமிசம் எனக்குச் சிரிப்பு தாங்கல. உலகத்துல உள்ளவன் பூராம் தன் பேரை ஒலிபரப்பிக்கிட்டுத் திரியிறான் சார்! எவனோ ஒருத்தன் போனுக்கு 'சிங்கக்குட்டி'ன்னு பேரு வெச்சிருக்கான். யாருன்னு தேடிப் போனா, வழுக்கை விழுந்த ஒரு கோச்சு.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி இருக்கும் சார், எண்ணும் எழுத்துமா, நீளமா. புதுப் போனெல்லாம் கால் மணிக்கு ஒருக்கா அதை மாத்திக்கிட்டே இருக்கும், பிடிக்க முடியாது. மலிவுச் சாமானுக்கு அந்த வசதி கெடையாது, ஒரே முகவரிதான். மொத மண்டபம் ஈரோட்டுல. அங்க பேரில்லாத ஒரு வரி வந்துச்சு. கடைசி நாலும் ஏழு ஏழு சி மூணு. நோட்டுல குறிச்சுக்கிட்டேன், இலாகாப் பழக்கம். அடுத்தது காரைக்குடி. அங்கயும் ஏழு ஏழு சி மூணு! விழுப்புரம், நாகர்கோவில், பொள்ளாச்சி, எங்க போனாலும் அதே. இந்த அஞ்சு ஊருக்கும் தவறாம வந்தது யாரு? அந்தப் பய பாண்டீஸ். மலிவுச் சாமான் யாருகிட்ட இருக்கும்? சொல்லுங்க.

என்ன சொன்னீங்க? எம் பொண்ணும் அஞ்சு ஊருக்கும் வந்தாளேன்னா? என்ன கேள்வி சார் இது. நான் எம் பொண்ணையா தேடுறேன்?

காலையில வரிசையில நிக்கிறப்ப நம்பர் மைனஸ் நாப்பதுல இருக்கும். ஏன்னா அந்தப் பய சுடர்கிட்ட வந்து நின்னு வாயடிச்சுக்கிட்டு இருப்பான். ரவுண்டு ஆரம்பிச்சு எல்லாரும் உள்ள போனதும் எம்பத்தஞ்சுக்கு எறங்கிரும். மத்தியானம் வெளிய வந்தா மறுபடி ஏறும். கணக்கு அப்படிப் பொருந்துச்சு. ஒரே ஒரு எடத்துலதான் இடிச்சுச்சு. காரைக்குடி லாட்ஜு. சாயங்காலம் அஞ்சு மணி, கோமதியும் சுடரும் கடைக்குப் போயிருக்காங்க. நான் ரூம்ல உக்காந்து சும்மா ஆன் பண்ணுறேன், ஏழு ஏழு சி மூணு, மைனஸ் நாப்பத்திரெண்டு! பக்கத்து ரூம்லயே வந்து தங்கியிருக்காய்ங்கன்னு புரிஞ்சுபோச்சு. போயிக் கதவைத் தட்டுனேன். துண்டைக் கட்டிக்கிட்டு ஒரு மருந்து கம்பெனிக்காரன் வந்து நிக்கிறான். "செஸ் ஆடுற பையன் எங்கய்யா?"ன்னேன். கதவைச் சாத்திட்டான். மரியாதை தெரியாத ஆளு. திரும்பி வந்து ஆணியில தொங்குன சுடரோட குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு, லேப்டாப்போட வாசப்பக்கமா போயி நின்னு பாத்தேன், மழை பெஞ்ச குளிரு. அங்கயும் நாப்பத்திரெண்டுதான். அடாப்டர் சரியில்லன்னு நெனச்சேன்.

அந்த ஜாக்கெட்டும் நான் வாங்கிக் குடுத்ததுதான். கறுப்பு. ஏசி மண்டபத்துல குளிரும், அது இல்லாம உள்ள போகாதன்னு நான்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன். வேணாம்பா, வேர்க்குதும்பா அவ. கேக்க மாட்டேன்.

ஆறாவது ஊரு திண்டிவனம். அதுதான் மாநில அணிக்கு ஆளெடுக்குற டோர்னமெண்ட்டு. மொத நாலு பேருக்கு எடம். கடைசி ரவுண்டு, சுடருக்கும் பாண்டீஸுக்கும். அவளுக்கு டிரா போதும் சார். அரைப் புள்ளி எடுத்தா மாநில அணி. நாலு வருசம் நாயா அலைஞ்சதுக்கு அன்னிக்குத்தான் பலன். நான் வெளிய பந்தல்ல. ராக்கப்பன் எனக்கு முன்னாடி வரிசையில உக்காந்து, கழுத்துல பட்டையை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டுறான். ஒண்ணரை மணி நேரம் பொறுத்தேன். அப்புறம் எந்திரிச்சேன்.

தலைமை நடுவரு எஸ்தர் ராணின்னு ஒரு அம்மா. எழுத்துல புகார் குடுத்தேன், ஆறு ஊரு, தேதி, நேரம், நம்பர் எல்லாம் போட்டு. அந்தம்மா படிச்சுட்டு, "சார், ஆட்டம் முடியட்டும். இப்ப நிறுத்துனா ரெண்டு புள்ளைங்களுக்கும் கெடுதல்"ன்னுச்சு. முடிஞ்சப்புறம் என்னத்தப் பிடிக்கிறது? பேப்பர்காரய்ங்களைக் கூட்டியாருவேன்னேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்துச்சு. "சரி, உங்க லேப்டாப்போட உள்ள வாங்க"ன்னுச்சு. நாலு வருசத்துல நான் அன்னிக்குத்தான் சார் மண்டபத்துக்குள்ள காலு வெச்சேன்.

கடிகாரத்தை நிறுத்திட்டாங்க. சுடர் என்னப் பாத்து, "அப்பா?"ன்னா. நீ பேசாம இருன்னு கையைக் காட்டுனேன். என் லேப்டாப்புல மைனஸ் முப்பத்தெட்டு, ஜொலிக்குது! மொதல்ல அந்தப் பயலை நிறுத்தி, கம்பி மாதிரி ஒரு மெட்டல் டிடெக்டரைத் தடவுனாங்க. இடுப்புக்கிட்ட வந்ததும் 'பீப்'புன்னுச்சு. பாத்தீங்களான்னேன். சட்டையைத் தூக்குனா அரைஞாண் கயித்துல செம்புத் தாயத்து. உள்ள என்ன இருக்குன்னு பிரிங்கன்னு நான்தான் சொன்னேன். ராக்கப்பனைக் கூப்புட்டு விட்டாங்க. அவன் வந்து, "பிரிச்சுப் பாத்துக்கங்க சார். ஏழு வயசுல புள்ளைக்கு வலிப்பு வந்துச்சு, அப்பக் கட்டுனது. அதுக்கப்புறம் வரல"ன்னான். பெரிய தர்மப்பிரபு கணக்கா. குறடை வெச்சு நெரிச்சாங்க. உள்ள சுருட்டுன தகடு, கொஞ்சம் துன்னூறு. அவ்வளவுதான். அந்தப் பய அழுகல. அந்தத் தகட்டைப் பொறுக்கி அப்பன் கையில குடுத்தான். சுடர்தான் அழுதா. எதுக்கு அழுதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல.

எஸ்தர் அம்மாவுக்கு மூளை இருந்துச்சு, அதை ஒத்துக்கணும். பயலை வாசல் வரைக்கும் நடந்து போகச் சொல்லுச்சு. போனான். நம்பர் எறங்கல. ரோடு வரைக்கும் போகச் சொல்லுச்சு. எறங்கல சார். முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதான். நான் நின்ன எடத்துக்கு ஒரு அடியில யாரு இருக்கா? சுடர்.

ஜாக்கெட்டைக் கழட்டச் சொன்னாங்க. உள்துணியில, முதுகுப் பக்கமா, கையால போட்ட தையல். கறுப்புத் துணியில வெள்ளை நூலு. கத்திரிக்கோலை வெச்சு வெட்டுனதும் டொக்குன்னு பலகை மேல விழுந்துச்சு. வெள்ளையா, சாவிக்கொத்துல மாட்டுற பட்டனு மாதிரி. அது மேல ஒரு சீட்டு. 'சுடர் 1'.

வாங்குனேன் சார், யாரு இல்லன்னா? ரெண்டு வருசம் முந்தி. கோச்சிங்னு சொல்லிட்டுப் புள்ள எங்க போகுதோன்னு ஒரு கவலை, வயசுக்கு வந்த புள்ள. இதை வெச்சா எங்க இருக்கான்னு போன்ல காட்டும்னு கடைக்காரன் சொன்னான். அவ இல்லாதப்ப நானே வெச்சுத் தெச்சேன். கொண்டாந்து பாத்தா முப்பது அடிக்கு மேல ஒண்ணும் காட்டல! ஏமாத்துக்காரப் பய. போய்த் தொலையுதுன்னு விட்டவன், அப்படியே மறந்துட்டேன். போன்ல அதுக்கு நான் வெச்ச பேருதான் வரும், முகவரி வராது. லேப்டாப்புல முகவரிதான் வரும், பேரு வராது. எவன் முடிச்சுப் போடுவான்? பேட்டரி ரெண்டு வருசம் நிக்கும்னாவது அந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கணும்ல? இதுல மொதக் குத்தவாளி அவன்தான் சார்.

சீட்டு ஒட்டுறது இலாகாப் பழக்கம். எந்த வயரை இழுத்தாலும் ஒரு சீட்டு. எங்க வீட்டுல உப்பு டப்பாவுலயும் என் கையெழுத்து இருக்கும். சுடர் அ ஆவன்னா படிச்சதே அந்த டப்பாவுலதான்.

"இதை யாரும்மா வெச்சது?"ன்னு எஸ்தர் அம்மா கேட்டுச்சு. சுடர் அந்தச் சீட்டைப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா. நான் வாயைத் தொறக்கலாம்னுதான் இருந்தேன் சார், சத்தியமா. சுத்தி அத்தனை பேரு. தாயத்துத் தகட்டைக் கையில வெச்சுக்கிட்டு ராக்கப்பன் நிக்கிறான். அவன் முன்னாடி எப்படி எடுத்த எடுப்புல சொல்லுறது? வார்த்தையைச் சேத்துக்கிட்டு இருக்கேன், அதுக்குள்ள அவ சொல்லிட்டா.

"என்னுதுதான் மேடம். நான்தான் வெச்சுக்கிட்டேன்."

அவசரக்குடுக்கை! ரெண்டு நிமிசம் பொறுத்திருந்தா நான் சமாளிச்சிருப்பேன்ல? உடனே ஆட்டம் போச்சு. ஆறு மாசம் எந்த டோர்னமெண்ட்டும் ஆடக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. அந்தப் பய, எனக்கு இந்தப் புள்ளி வேணாம் மேடம்னு நின்னான். நாடகம். சுடர் ரெண்டு சிப்பாய் அதிகமா வெச்சிருந்தாளாம், இன்னும் நாலு மூவ்ல நான் தோத்துருப்பேன்னு கோமதிகிட்ட அவனே சொல்லியிருக்கான். நான் எப்படி சார் பாக்குறது? நாலு வருசமா என்னைத்தான் வெளிய உக்கார வெச்சுட்டாய்ங்களே.

அன்னிக்கு பஸ்ஸுல வர்றப்ப, "ஏம்மா அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன். இன்னியோட ஆறு மாசம் எட்டு நாளு. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல சார். "அப்பா சாப்புட்டாச்சா"ன்னு கோமதிகிட்ட கேப்பா, நான் எதுத்தாப்புல உக்காந்திருப்பேன். கோமதியும் அதைப் பத்தி ஒரே ஒரு தடவைதான் வாயைத் தொறந்தா. "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாங்க"ன்னா. இவளுக்கு எட்டாங் கிளாஸு. மண்டபத்துக்குள்ள என்ன நெலவரம்னு இவளுக்கு என்ன தெரியும்?

இன்னிக்குத்தான் தடை முடிஞ்சு மொத ஆட்டம். ஆத்தாளும் மகளும் ரயில்ல வந்துட்டாங்க. என்னை வரச் சொல்லல. வர வேணாம்னும் சொல்லல, அதைக் கவனிங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சு வந்து இந்தத் தூணுக்குப் பின்னாடி உக்காந்துட்டேன். தலையில இருக்குற துண்டு வெயிலுக்குப் போட்டது சார், ஒளியிறதுக்கு இல்ல.

இப்ப லிஸ்ட்டுல கடைசி வரியைப் பாருங்க. பேரில்லாதது. படிங்க, கடைசி நாலு. ம், ஏழு ஏழு சி மூணு! மைனஸ் எழுபது. அதேதான். எஸ்தர் அம்மா அதை அவ கையிலயே திருப்பிக் குடுத்துருச்சு. அவ அதைப் பை ஜிப்புல வெளியத் தெரியிற மாதிரி மாட்டியிருக்கா, என் சீட்டோட. உள்ள கொண்டு போகக் கூடாதுல்ல, பை கோமதி மடியில இருக்கு. பேட்டரிகூட அவளே மாத்துனா சார். ஏண்டி இன்னும் இதைச் சொமக்குறன்னு கோமதி கேட்டதுக்கு, "நான் எங்க இருக்கேன்னு அப்பாவுக்குத் தெரியணுமாம். தெரிஞ்சுக்கட்டும்"ன்னாளாம். பாத்தீங்களா? பாசம் விட்டுப் போகல. கோமதி அதை வேற மாதிரி எடுத்துக்கிறா. அவ புத்தி அவ்வளவுதான்.

அட, கதவைத் தொறந்துட்டாய்ங்க. இருங்க சார், உங்க பையன் எங்கயும் ஓடிற மாட்டான். எட்டு வயசுப் பய, உங்களைத் தேடி அவனே வருவான். அந்தா, சுடர்! நீலச் சட்டை. ஜாக்கெட் போடல. எனக்குத் தூணு மறைக்குது, நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஆத்தாகிட்ட போறாளா? விரலு காட்டுறாளா? காட்டுனாளா! முழுசாவா, மடக்கியா? முழுசா. ஜெயிச்சுட்டா சார், ஜெயிச்சுட்டா! யாருக்குக் காட்டுறா? கோமதிக்கு. அப்புறம்? ராக்கப்பனுக்குமா? அவனுக்கு எதுக்கு?

பையை எடுத்துட்டா. வாசலுக்கு இந்தத் தூணைத் தாண்டித்தான் போகணும். நம்பரைப் பாருங்க. அறுபத்திரெண்டு. அம்பத்தஞ்சு. நாப்பத்தொம்பது. வர்றா சார். நான் துண்டை எடுத்துர்றேன். நாப்பத்தொண்ணு. முப்பத்தெட்டு.

...

நாப்பத்தஞ்சு. அம்பத்தாறு.

பாத்தாளா? என்னப் பாத்தாளா சார்? நான் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். பாத்துட்டுத்தான் போனாளா? நல்லா நின்னு பாத்தாளா? அப்ப விரலு... எனக்கு விரலு காட்டுனாளா? இல்லையா. சரி. கையில பை இருந்துச்சுல்ல, அதான்.

எழுபத்தெட்டு. எம்பத்தொம்பது. தொண்ணூத்து நாலு.

லிஸ்ட்டுல இருந்தே போயிருச்சு. கிட்டக்கதான் சார் நிப்பா, வாசல்லதான் நிப்பா, எங்க போயிறப் போறா. இந்த அடாப்டர் அவ்வளவுதான். நானூத்தம்பது ரூவாய்க்கு என்னத்த வரும்? முப்பது அடிக்கு மேல ஒண்ணையும் பிடிக்கிறதில்ல.